சரஸ்வதி அம்மாளின் தொண்ணூற்றாறு கோல்கள்

ஓசூர் வட்டாரக் கால்பந்தாட்ட வளர்ச்சிச் சங்கத்தின் பதிவேட்டைப் புரட்டினால், இந்தப் பகுதி பெற்றெடுத்த மாபெரும் ஸ்ட்ரைக்கர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. சங்கத் தலைவர் கோவிந்தப்பன்தான். வயது அறுபத்து மூன்று, உயரம் குறைவு, வயிறு நிறைவு, அடித்த கோல்கள் நானூற்றுப் பன்னிரண்டு. பெண்கள் பிரிவில் அவருடைய மனைவி சரஸ்வதி அம்மாள் தொண்ணூற்றாறு கோல்களுடன் முதலிடத்தில் இருந்தார். அத்தனை கோல்களையும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அடித்தார் என்பது கூடுதல் சிறப்பு.

அவருக்கு அடுத்த வரியில் ஜெயப்ரியா என்றொரு பெயர். இந்தியப் பெண்கள் அணிக்காக ஏழு வருடம் ஆடி, பதினோரு நாடுகளில் முப்பத்தொரு கோல் அடித்தவள். அவள் பெயருக்கு நேரே பூஜ்யம் போட்டு, பின்னால் யாரும் திருத்திவிடக் கூடாதே என்று அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டு வைத்திருந்தார்கள்.

இதில் சூழ்ச்சி எதுவும் கிடையாது. எல்லாம் முறைப்படி நடந்ததுதான்.

சங்கம் நடத்தும் ஆட்டத்தைச் சிறப்பு விருந்தினர் பந்தை உதைத்துத் தொடங்கி வைக்க வேண்டும். எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். மற்ற ஊர்களில் மைதானத்தின் நடுவில் பந்தை வைத்து, ஒரு தட்டுத் தட்டச் சொல்லி, போட்டோ எடுத்து, விருந்தினரைப் பத்திரமாகக் கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். இங்கே அப்படியில்லை. பந்தைக் கோலுக்கு எதிரே, பெனால்டி அடிக்கும் இடத்தில் வைப்பார்கள். கோல்கீப்பர் இடப்பக்கமாக மூன்று எட்டு நகர்ந்து, கைகூப்பி நிற்க வேண்டும். விருந்தாளி உதைத்த பந்தைத் தடுப்பது மரியாதையா? பந்து பாதி வழியில் நின்றுவிட்டால், கோல்கீப்பரே குனிந்து வணங்குகிற பாவனையில் வந்து அதைக் காலால் உள்ளே தள்ளிவிட வேண்டும். கூட்டம் கைதட்டும். செயலாளர் மூர்த்தி பதிவேட்டைத் திறந்து ஒரு கோல் எழுதுவார்.

அதை ஏன் எழுதுகிறார் என்றால், வேறு கோல் விழுவதே இல்லை. தொடக்க உதைக்குப் பிறகு தலைமையுரை. தலைமையுரை ஆன பிறகுதான் வரவேற்புரை, முன்னிலையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை. நடுநடுவே சால்வைகள். எல்லாம் முடியும்போது பொழுது இறங்கிவிடும். மைதானத்தில் விளக்கு கிடையாது. இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு டாஸ் போட்டு, ஆட்டம் சமன் என்று அறிவித்து, ஆளுக்கொரு எலுமிச்சை சாதப் பொட்டலம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கோல் கட்டம் காலியாகக் கிடந்தால் மேலிடம் கேள்வி கேட்குமே என்று பயந்து மூர்த்தி ஒருநாள் தொடக்க உதையை அதில் எழுதினார். பதினாறு வருடமாக அதுவே நடைமுறை.

ஜெயப்ரியாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் பாரூர் ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் போடும் நாராயணப்பனின் மகள். பதின்மூன்று வயதில் வெளியூர் விளையாட்டு விடுதிக்குப் போனவள், அங்கிருந்தே அணிக்குப் போய்விட்டாள். பத்து வருடத்துக்கு முன்னால் யாரோ கேட்டார்கள் என்று சங்கத்தில் பெயரைப் பதிந்ததோடு சரி. பதிவு எண் இரண்டு. ஒன்றாம் எண் யாருடையது என்று அவள் அன்று கேட்கவில்லை. இப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு வருடமாக மூக்கண்டப்பள்ளியில் சிநேகிதி லாவண்யாவின் அறையில் தங்கி, காலையும் மாலையும் ஓடிக் காலைத் தேற்றிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் கொச்சியிலிருந்து பயிற்சியாளர் போன் செய்தார்.

“ஆசியத் தகுதிச் சுற்றுக்கு கேம்ப். பன்னெண்டாம் தேதி காலைல நீ இங்க இருக்கணும். உன் முட்டிக்காக ஒரு வருஷம் காத்திருந்தேன் ஜெயப்ரியா, இன்னொரு தடவ என்னால முடியாது. நீ பேர் பதிஞ்ச சங்கத்துல ஒரு தகுதிச் சான்று வாங்கிட்டு வந்துடு. இந்த வருஷம் அது புதுசா கேக்கறாங்க. சும்மா ஒரு பேப்பர்தான்.”

பேப்பர்தானே என்று அவளும் போனாள்.

சங்க அலுவலகம் ஒரு பேக்கரிக்கு மேலே மாடியில் இருந்தது. கண்ணாடி அலமாரிக்குள் பன்னிரண்டு புதுப் பந்துகள் பூட்டு போட்டு அடுக்கப்பட்டிருந்தன. வெளியே எடுத்தால் தேய்ந்துவிடும் என்பதால் யாரும் அவற்றைத் தொடுவதில்லை. மூர்த்தி எழுந்து நின்று அவளை வரவேற்றார். அவர் கெட்டவர் இல்லை. எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்பதைத் தவிர வாழ்க்கையில் அவருக்கு வேறு கொள்கையும் இல்லை.

“உக்காரும்மா. நீ நம்ம மாவட்டத்துக்கே பெருமை. அதுல ரெண்டாவது பேச்சே கெடையாது. ஆனா பட்டியல்ல நீ ரெண்டாவது. மொதல்ல இருக்கறவங்களத்தான் அனுப்பச் சொல்லி லெட்டர் வந்திருக்குது.”

“மொதல்ல யாருங்க சார்?”

“சரஸ்வதி அம்மா.”

“எந்த கிளப்புக்கு ஆடறாங்க?”

“தலைவரு வூட்டம்மா.”

ஜெயப்ரியா பதிவேட்டைப் பார்த்தாள். தொண்ணூற்றாறைப் பார்த்தாள். தன் வட்டத்துக்குள் இருந்த பூஜ்யத்தையும் பார்த்தாள்.

“சார், தாஷ்கண்ட்ல மூணு அடிச்சனுங்களே. டி.வி.யில எல்லாம் காட்டுனாங்களே.”

“அங்க நம்ம சங்கத்து ஆளு யாராச்சும் இருந்தாங்களா? யாரு கையெழுத்துப் போடுவாங்க? அத்திப்பள்ளி தாண்டிட்டாலே நம்ம எல்லை முடிஞ்சிபோச்சும்மா. பெங்களூருல வுழுந்த கோலையே நான் எழுதறதில்ல. நீ என்னமோ தாஷ்கண்டுங்கற.”

“அப்ப மத்த பொண்ணுங்க எத்தன கோல் போட்டிருக்காங்க?”

“முப்பத்தெட்டுப் பேர் இருக்காங்க. எல்லாருமே பூஜ்யம்தான். பதிவு எண் பிரகாரம் நீதான் பூஜ்யத்துலயே மொதல்ல வர்ற. அந்த மரியாதய யாரும் உங்கிட்ட இருந்து எடுக்க முடியாது.”

அப்போது தலைவர் கோவிந்தப்பன் படியேறி வந்தார். விஷயத்தைக் கேட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஜெயப்ரியாவை மேலும் கீழும் பார்த்தார். அவர் பார்வையில் கோபம் இல்லை. அனுபவசாலி புதியவரைப் பார்க்கும் கருணைதான் இருந்தது.

“முப்பத்தோரு கோல் அடிக்க ஏழு வருஷமாம்மா? நான் ஒரே நாள்ல நாலு அடிச்சிருக்கறேன். காலைல மத்திகிரி, மத்தியானம் பாகலூரு, அப்புறம் ரெண்டு பள்ளிக்கூடம். நடுவுல ஒரு கல்யாணத்துக்கு வேற தலையக் காட்டிட்டு வந்தேன்.”

“பெரிய விஷயங்கய்யா.”

“ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. என் எதிர்ல இதுவரைக்கும் ஒரு கோல்கீப்பர் நின்னது கெடையாது. நான் செருப்பக் கழட்டறப்பவே நவுந்துருவானுங்க. உன்ன எவ்ளோ பேரு தடுத்திருக்காங்க?”

ஜெயப்ரியா யோசித்தாள். பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. “நெறைய பேரு தடுத்திருக்காங்கய்யா.”

“பாத்தியா மூர்த்தி? அதான் வித்தியாசம். எதிரிக்கு நம்ம மேல மரியாத வரணும். அது இல்லாம சும்மா ஓடிக்கிட்டே இருந்தா எப்படி? உன் ஆட்டத்த நான் ஒருதரம் போன்ல பாத்தேன். தொண்ணூறு நிமிஷம் ஓடற. எதுக்கு? ஸ்ட்ரைக்கருன்னா நின்ன எடத்துல அடிக்கணும்.”

மூர்த்தி இதைக் குறித்துக்கொண்டார். ஜெயப்ரியா படியிறங்கி வந்து பேக்கரி வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். எந்தத் தடுப்பாட்டக்காரியைத் தாண்டுவது, எந்தப் பக்கம் புகுவது என்று அவளுக்கு அதுவரை தெரியாமல் போனதில்லை. இன்று வழி தெரியவில்லை.

அறைக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னால், லாவண்யா கம்பெனிச் சீருடையைக் கூட மாற்றாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் தேனிப் பக்கத்துப் பெண். மோட்டார் பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை, மூக்கண்டப்பள்ளிப் பெண்கள் அணியில் கோல்கீப்பர்.

“அந்த மூணு எட்டு நகர்றதே நாந்தாண்டி, ஒங்கிட்டச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இருந்தேன். எட்டு வருசமா நகர்றேன். அதுக்கு மூணு தடவ சிறந்த கோல்கீப்பர்னு மெடல் குடுத்துருக்காய்ங்க. கை கூப்புறதுல எனக்கு ஈடு யாரும் இல்லன்னு மேடையிலயே சொன்னாய்ங்க.”

“பந்தத் தடுத்ததே இல்லியா நீ?”

“ஆட்டம் நடந்தாத்தானடி தடுக்குறதுக்கு?”

சிரித்து முடித்ததும் ஜெயப்ரியா கொச்சிக்குப் போன் செய்தாள். அந்தப் பேப்பர் இல்லாமல் சேர்க்க முடியாது என்றார் பயிற்சியாளர். பன்னிரண்டாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது.

மறுநாள் ஜெயப்ரியா நேரே தலைவர் வீட்டுக்கே போனாள். தலைவர் ஒரு கோல் அடிக்க வெளியே போயிருந்தார். சரஸ்வதி அம்மாள் சமையலறையில் ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தமிழிலும் அதே வேகம். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த கொட்டை தெறித்து அடுப்புக்குப் பின்னால் போய் விழுந்தது.

“தொண்ணூத்தாறா? அய்யோ தேவுடா! நானு போட்டோவுக்குன்னில்ல கண்ணு உதைச்சேன்!”

“பட்டியல்ல நீங்கதாம்மா மொதல்ல.”

சரஸ்வதி அம்மாள் கொட்டைச் சட்டியைத் தள்ளி வைத்தார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். “பத்திரிகையில போட்டா திருமதி கோவிந்தப்பன்னு போடுவாங்க. ரேஷன் கார்டுல அவருக்குக் கீழ. எம்பேரு மொதல்ல வந்த பட்டியலு இது ஒண்ணுதான் போல. அதுவும் நானு ஆடாத ஆட்டத்துல.” அப்புறம் எழுந்து செருப்பைத் தேடினார். “வா, எழுதிக் குடுத்துட்டு வந்துடலாம். எனக்கு வேணாம், இந்தப் பொண்ணுக்குக் குடுன்னு.”

இருவருமாகப் போய் மாடியேறினார்கள். மூர்த்தி மனுவை இரண்டு முறை படித்துப் பார்த்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

“வேணாம்னு எழுதிக் குடுக்க இது ப்ரமோஷன் இல்லீங்கம்மா. வுழுந்த கோல வெளிய எடுக்க விதியில எடமில்ல. பதினாலாம் விதிப்படி, மொதல் ஆளுக்குக் காயம் பட்டா மட்டும் ரெண்டாவது ஆள அனுப்பலாம். அதுவும் முகாமுக்குப் போன பின்னாடி படணும். இங்கயே பட்டா அது உங்க சொந்தக் காயம். அதுக்கும் சங்கத்துக்கும் சம்பந்தமில்ல.”

விஷயம் தலைவர் காதுக்குப் போனது. மனைவி இந்தியாவுக்காக ஆடப் போகிறார் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று மாலைக்குள் ராயக்கோட்டை சாலையில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். அதில் சரஸ்வதி அம்மாள் கைகூப்பியபடி நிற்க, அவர் காலடியில் ஆசியக் கண்டம் கிடந்தது.

பதினொன்றாம் தேதி காலை ஓசூர் ரயில் நிலையத்தில் வழியனுப்பு விழா. உரைகள் ஆரம்பித்ததால் ஒரு ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலுக்கு ஏற்பாடு செய்தார்கள். புளியோதரை டப்பா, வெந்நீர் பிளாஸ்க், புதுக் கேன்வாஸ் ஷூ. சரஸ்வதி அம்மாளுக்கு ஷூ கயிறு கட்டத் தெரியவில்லை. ஜெயப்ரியா பிளாட்பாரத்தில் மண்டியிட்டுக் கட்டிவிட்டாள். ஓடும்போது அவிழாத இரட்டை முடிச்சு. அதைப் போட்டுக்கொண்டிருக்கும்போது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஏழு வருடமாக ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் தன் காலுக்குப் போட்ட முடிச்சு அது.

“அழாத கண்ணு,” என்றார் சரஸ்வதி அம்மாள், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. “அங்க போய் என்னான்னு பாக்கறேன்.”

போட்டோக்காரர், பை தூக்கும் பெண் கொஞ்சம் தள்ளி நிற்கட்டும் என்றார். ஜெயப்ரியா தள்ளி நின்றாள்.

பன்னிரண்டாம் தேதி காலை அவள் பாரூரில் அப்பாவின் வயலில் இருந்தாள். அறையில் இருந்தால் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்போம் என்று ஓடி வந்துவிட்டாள். நாற்று நடவு நடந்துகொண்டிருந்தது. நாராயணப்பன் மகளைப் பார்த்தார், மகள் மிதித்து நசுக்கிய நாற்றைப் பார்த்தார்.

“அந்தம்மா அங்க பந்த உதைக்குது, நீ இங்க நாத்த உதைக்கற. ரெண்டுமே வெளங்குன மாதிரிதான். கரையேறி நில்லும்மா.”

வரப்பில் ஏறியபோது போன் அடித்தது. சரஸ்வதி அம்மாள்தான். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

“ஜெயப்ரியா கண்ணு, இங்க ஏதோ தப்பு நடக்குது. கோல்கீப்பரு நவுர மாட்டேங்கறா!”

“அம்மா?”

“கை கூப்பல. ரெண்டு கையும் விரிச்சிக்கிட்டு நிக்கறா. தெரியாத பொண்ணு, புரிஞ்சிக்கட்டும்னு நானு ஒரு நிமிஷம் காத்திருந்து பாத்தேன். கோச்சு உதைங்க உதைங்கன்னாரு. உதைச்சேன். ஒரே கையில புடிச்சி எங்கிட்டயே உருட்டி உட்டா. பத்து தடவ கண்ணு. பத்தும் அவ கைக்கே போவுது.” குரலைத் தணித்துக் கேட்டார். “உன் எதிர்லயும் இப்படித்தான் நின்னாங்களா?”

“எப்பவுமே இப்படித்தாங்கம்மா.”

“முப்பத்தோரு தடவயுமா?”

“ஆமாங்கம்மா. அவங்களுக்கு முன்னாடி இன்னும் நாலு பேர் நிப்பாங்க. இடிப்பாங்க, சட்டயப் புடிச்சி இழுப்பாங்க.”

மறுமுனையில் யாரோ பந்தைத் தடுக்கிற சத்தம் கேட்டது. 

“இத நீ எங்க யாருகிட்டயும் சொல்லவே இல்லியே கண்ணு,” என்றார் சரஸ்வதி அம்மாள். “இங்க சாப்பிடற எடத்துல சொவுத்துல உம் போட்டோ மாட்டி வெச்சிருக்காங்க. வர்ற பொண்ணுங்க எல்லாம் ஜெயப்ரியா எங்க, ஜெயப்ரியா எங்கன்னு எங்கிட்டதான் கேக்குதுங்க. எனக்கு வெக்கமாப் போச்சு.” பிறகு குரலில் ஒரு தெளிவு வந்தது. “சரி, எந்தக் கால் மடங்கினா நல்லாருக்கும்? வலதா, இடதா?”

வலது கால் மடங்கியது. முகாம் மருத்துவர் கட்டுப் போட்டுக் கடிதமும் கொடுத்தார். மூர்த்தி கடிதத்தைப் பார்த்துவிட்டு, அம்மாள் தொண்ணூற்றாறு கோல்களையும் இடது காலால் அடித்ததாகப் பதிவேட்டில் இருக்கிறதே, வலது கால் காயம் ஆட்டத்தை எப்படிப் பாதிக்கும் என்று விளக்கம் கேட்டார். இடது காலும் மடங்கியது. இரண்டு கடிதமும் வந்து சேர்ந்து, தலைவர் மூன்று மணி நேரம் வருத்தப்பட்டு, பதினான்காம் தேதி மத்தியானம் உத்தரவு கிடைத்தது. ‘காயமுற்ற திருமதி சரஸ்வதி கோவிந்தப்பன் அவர்களுக்குப் பதிலாக, தற்காலிகமாக’ என்று அதில் எழுதியிருந்தது. தற்காலிகமாக என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டிருந்தார்கள்.

ஜெயப்ரியா மூன்று நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாள். பயிற்சியாளர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, மைதானத்தைச் சுற்றி இருபது சுற்று ஓடச் சொன்னார். அவ்வளவு சந்தோஷமாக யாரும் இருபது சுற்று ஓடியிருக்க மாட்டார்கள்.

அடுத்த மாதம் வெளிநாட்டில் நடந்த தகுதிச் சுற்றுக் கடைசி ஆட்டத்தில், முடிய ஆறு நிமிடம் இருக்கும்போது அவள் ஒரு கோல் அடித்தாள். இரண்டு பேர் இடித்தார்கள், ஒருத்தி சட்டையை இழுத்தாள், கோல்கீப்பர் துளியும் நகரவில்லை. பந்து அவள் கைக்கும் கம்பத்துக்கும் நடுவில் புகுந்து போனது. அந்த ஒரு கோலில் அணி ஜெயித்தது. பாரூரில் நாராயணப்பன் பக்கத்து வீட்டு டி.வி.யின் முன்னால் எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் அவள் சங்கத்துக்குப் போனாள். பெருமைக்கு ஒன்றுமில்லை, அடுத்த முகாமுக்கு மறுபடி இந்தக் கூத்து வேண்டாமே என்றுதான் போனாள். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே அதே பூஜ்யம். சரஸ்வதி அம்மாளுக்குத் தொண்ணூற்றேழு.

“பதிலுக்குப் போனவங்க அடிச்சது, அனுப்புனவங்க கணக்குலதாம்மா சேரும்,” என்றார் மூர்த்தி.

“அத்திப்பள்ளி தாண்டினா எழுத மாட்டேன்னீங்களே சார்.”

“நீயா போனா எழுத மாட்டேன். இது சங்கத்து உத்தரவுல போன காலு. சங்கத்துக் காலு எங்க போவுதோ அங்க எல்லாம் நம்ம எல்லதான்.” அவர் பேனாவை மூடினார். “ஞாயித்துக்கிழம சரஸ்வதி அம்மாவுக்குப் பாராட்டு விழா. மூக்கண்டப்பள்ளிக்கும் சாமல்பட்டிக்கும் ஆட்டம் வெச்சிருக்கோம். நீ மூக்கண்டப்பள்ளி பக்கம் நில்லு. பொட்டலம் உண்டு.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் மைதானம் நிறைந்துவிட்டது. மேடையில் பதினெட்டு நாற்காலி. தலைவர் பேச வேண்டிய தாள்கள் பறக்காமலிருக்க மேலே கல் வைத்திருந்தார்கள். சரஸ்வதி அம்மாள் மாம்பழ நிறப் பட்டுப்புடவையில், கேன்வாஸ் ஷூவுடன் வந்தார். இந்த முறை அவரே கயிறு கட்டியிருந்தார், இரட்டை முடிச்சு. கால் எப்படி இருக்கிறது என்று யாரோ கேட்டதற்கு, எந்தக் கால் என்று திருப்பிக் கேட்டார்.

பந்தைப் பெனால்டி இடத்தில் வைத்தார்கள். கோலில் நின்ற லாவண்யா எட்டு வருடப் பழக்கத்தில் இடப்பக்கம் மூன்று எட்டு நகர்ந்து, கைகூப்பினாள்.

“நில்லும்மா!” என்றார் சரஸ்வதி அம்மாள். மைதானம் முழுக்கக் கேட்டது. “நடுவுல போய் நில்லு. கைய விரி. நானு உதைக்கறேன், நீ புடி.”

லாவண்யா மேடையைப் பார்த்தாள். மேடை மூர்த்தியைப் பார்த்தது. மூர்த்தி பதிவேட்டைப் பார்த்தார். ஜெயப்ரியா பக்கவாட்டுக் கோட்டருகிலிருந்து சத்தமாக, “நில்லுடி!” என்றாள். லாவண்யா நடுவில் போய் நின்றாள். நிற்கிற இடம் அவளுக்கே புதிதாக இருந்தது.

முதல் உதை அவள் கைக்கே போனது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது கொடிக்கம்பத்துப் பக்கம் போனது. கூட்டம் முதலில் பதறியது, பிறகு சிரித்தது, ஐந்தாவது உதைக்கு மேல் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து நின்று பார்க்க ஆரம்பித்தது. சரஸ்வதி அம்மாள் புடவையை இழுத்துச் செருகினார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஒன்பதாவது உதை தரையோடு தரையாக வலப்பக்கம் போக, லாவண்யா விழுந்து விரல் நுனியில் தொட்டாள். பந்து நிற்காமல் உள்ளே போய்விட்டது. விட்டுக்கொடுத்தாயா என்று பிறகு பலர் அவளைக் கேட்டார்கள். அவள் வீங்கிய விரலைக் காட்டினாள்.

சரஸ்வதி அம்மாள் குதித்தார். ஐம்பத்தாறு வயதில், பட்டுப்புடவையில், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தார். பிறகு நேரே மேடைக்குப் போய் மூர்த்தியின் கையிலிருந்த பேனாவை வாங்கி, தொண்ணூற்றேழை அடித்துவிட்டு, அருகில் ஒன்று என்று எழுதினார். எழுத்தால் ஒருமுறை, எண்ணால் ஒருமுறை.

“இதான் நானு அடிச்சது. இது மட்டும்தான்.” கணவரைத் திரும்பிப் பார்த்தார். “நீங்களும் எறங்கி வாங்க. நானூத்திப் பன்னெண்டு இருக்குதே உங்களுக்கு. அந்தப் பொண்ணு நிக்கறா பாருங்க, ஒண்ணே ஒண்ணு அடிச்சிக் காட்டுங்க.”

கூட்டம் கைதட்டியது. கோவிந்தப்பன் எழுந்தார். செருப்பைக் கழற்றினார். லாவண்யா நகரவில்லை. அவர் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார். அப்போதுதான் அவருக்கு முழங்கால் வலி வந்தது. சாதாரண வலியாகத் தெரியவில்லை. இரண்டு பேர் தாங்க வேண்டியிருந்தது. பதினான்காம் விதிப்படி ஆண்கள் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்த மூர்த்தியைக் கூப்பிட்டார்கள். நூற்று நாற்பது கோல்கள் அடித்தவருக்கும் அதே முழங்கால். மூன்றாம் இடத்தில் பொருளாளர், நான்காம் இடத்தில் துணைத் தலைவர். ஐந்து நிமிடத்தில் ஒரு சங்கமே நொண்டியபடி கார்களில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. அவசரத்தில் பதிவேட்டை மேஜையிலேயே விட்டுவிட்டார்கள்.

தலைமையுரை இல்லாமல் மற்ற உரைகள் கிடையாது. மணி மூன்றரைதான் ஆகியிருந்தது. வெயில் நன்றாக அடித்தது. நடுவர் கழுத்தில் விசில் தொங்கியது. சங்க ஆட்டங்களில் அவர் அதை ஊதி யாரும் கேட்டதில்லை.

“இப்ப என்னா பண்றதும்மா?” என்று அவர் ஜெயப்ரியாவிடம் கேட்டார்.

“ஊதுங்க சார்.”

ஊதினார். பதினாறு வருடத்தில் முதல் முறையாக ஓசூரில் சங்க ஆட்டம் ஒன்று நடந்தது. தொண்ணூறு நிமிடமும் நடந்தது. சாமல்பட்டிப் பெண்கள் அவளை இடித்தார்கள், சட்டையைப் பிடித்து இழுத்தார்கள், அவர்களுடைய கோல்கீப்பர் கையை விரித்துக்கொண்டு நின்றாள். ஜெயப்ரியா மூன்று கோல் அடித்தாள். மேடையில் தனியாக உட்கார்ந்திருந்த சரஸ்வதி அம்மாள் ஒவ்வொன்றுக்கும் எழுந்து குதித்துவிட்டு, பதிவேட்டில் எழுதினார். கடைசியில் வட்டத்துக்குள் இருந்த பூஜ்யத்தை அழுத்தமாக அடித்தார்.

ஆண்கள் பட்டியலில் இன்றும் நானூற்றுப் பன்னிரண்டு அப்படியேதான் இருக்கிறது. தலைவரின் முழங்கால் இன்னும் குணமாகவில்லை. ஆட்டம் தொடங்கும் நேரம் நெருங்கினால் வலி கூடிவிடுகிறதாம்.

ஆசியப் போட்டிக்கான முகாம் கடிதம் வந்தபோது, மூர்த்தி பதிவேட்டைத் திறந்து பார்த்தார். முதலிடம் ஜெயப்ரியா, மூன்று. இரண்டாமிடம் சரஸ்வதி, ஒன்று. கட்டங்கள் காலியில்லாமல் இருந்ததால் அவருக்கு ஆட்சேபனை எதுவும் தோன்றவில்லை. தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட்டு, ஈரம் காய ஊதி, கையில் கொடுத்தார்.

ரயில் நிலையத்துக்கு லாவண்யாவும் சரஸ்வதி அம்மாளும் வந்திருந்தார்கள். சரஸ்வதி அம்மாள் கேன்வாஸ் ஷூ போட்டிருந்தார். இப்போதெல்லாம் காலையில் லாவண்யாவுக்கு எதிரே பத்து உதை உதைத்துவிட்டுத்தான் அவருக்குச் சமையல். ரயில் நகர்ந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச தூரம் கூடவே வேகமாக நடந்து வந்தார்.

“கண்ணு, நல்லா ஆடு. ஆனா ஒண்ணு சொல்றேன். அங்க போயி கால் கீல் மடங்கிச்சுன்னா, யோசிக்காம ஒரு போன் போடு.” மூச்சு வாங்கியது, விடவில்லை. “ரெண்டாவது ஆளு நானுதான். ஷூவக் கழட்டறதா இல்ல.”